சீனத்தின் முதல் பேரரசர்கள் எதைப் பாடினார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சீனத்தில் பேரரசுகள் தோன்றிய காலத்தில் படை நடத்திய அரசர்களே கவிதையும் பாடினார்கள் என்று படித்தேன். உண்மையா? அவை போரையும் வெற்றியையும் புகழும் பாட்டுகளா?"

உண்மைதான், பாடினார்கள். அரண்மனை வழிபாட்டுக்கென்று எழுதிய வெற்றிப் பாட்டுகளும் இருந்தன. ஆனால் இரண்டாயிரம் ஆண்டு கடந்தும் சீனர்கள் வாயில் இருப்பவை வேறு பாட்டுகள். அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு சொல் மறுபடி மறுபடி கண்ணில் படும்: 'குய்'. திரும்பிப் போவது, அதிலும் வீட்டுக்கும் ஊருக்கும் திரும்பிப் போவது என்று பொருள். நாட்டைப் பிடித்தவர், தோற்றுச் செத்தவர், பெயர் தெரியாத சிப்பாய் எல்லோரும் இந்த ஒரு சொல்லிடம்தான் வந்து நிற்கிறார்கள். என் பதிலும் அந்தச் சொல்லின் பின்னாலேயே போகும்.

அதற்கு முன் ஒன்று. கவிதை எழுதத் தெரிந்தால்தான் அரசுப் பதவி என்ற தேர்வு முறை பல நூற்றாண்டுகள் கழித்து, டாங் காலத்தில் வந்தது. நாம் பேசுவது கி.மு. 221-இல் தொடங்கிய சின் பேரரசையும், அதை அடுத்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் நீடித்த ஹான் பேரரசையும் பற்றி. அந்தக் காலத்துப் படைத்தலைவருக்குப் பாட்டு என்பது ஏட்டில் எழுதிப் பார்ப்பது இல்லை. மது அருந்தி, மனம் தாங்காமல், எழுந்து நின்று பாடுவது.

சின் பேரரசு பதினைந்தே ஆண்டுகளில் சரிந்தது. கி.மு. 209-இல் எல்லைக் காவலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட 900 பேர் மழையில் வழியடைபட்டு நின்றார்கள். குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் மரண தண்டனை. போனாலும் சாவு, கலகம் செய்தாலும் சாவு என்று கணக்குப் பார்த்துக் கலகம் செய்தார்கள். அந்தத் தீ நாடெங்கும் பரவியதில் மேலே வந்தவர்கள் இருவர். ஒருவர் சியாங் யூ, சின் முன்பு வென்று சேர்த்துக்கொண்ட சூ நாட்டின் பரம்பரைத் தளபதிக் குடும்பத்துப் பிள்ளை. இன்னொருவர் லியூ பாங், பெய் என்ற ஊரைச் சேர்ந்தவர். சின் ஆட்சியில் வழிச்சாவடி ஒன்றையும் அதன் சுற்றுவட்டக் காவலையும் பார்த்துக்கொண்டிருந்த சின்ன அதிகாரி.

சியாங் யூ எப்படிப்பட்டவர் என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். கி.மு. 207-இல் ஜூலூவில் ஆற்றைக் கடந்ததும் படகுகளை மூழ்கடித்து, சமையல் பானைகளை உடைத்துப்போட்டு, மூன்று நாள் உணவை மட்டும் கையில் கொடுத்துப் படையை மோதவிட்டார். வென்றார். பிறகு, சரணடைந்த சின் வீரர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இரவோடு இரவாகக் கொன்று புதைத்தார் என்று வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுகிறார். இந்த மனிதரை நினைவில் வைத்துக்கொண்டுதான் அவருடைய பாட்டைக் கேட்க வேண்டும்.

சின் தலைநகரை எரித்த பிறகு ஒருவர் அவரிடம் வந்து, "மலையும் ஆறும் காவலாக நிற்கும் வளமான இடம் இது, இங்கேயே தலைநகரை வையுங்கள்" என்றார். சியாங் யூ கேட்கவில்லை. "பேரும் செல்வமும் வந்த பிறகு ஊர் திரும்பாமல் இருப்பது, பூவேலைப் பட்டு உடுத்தி இருட்டில் நடப்பது போல. யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக் கிழக்கே போய்விட்டார். யோசனை சொன்னவர் வெளியே போய், "சூ நாட்டார் தொப்பி போட்ட குரங்குகள் என்பது சரிதான்" என்று முணுமுணுத்தார். அது காதில் விழ, அவரைக் கொதிக்கும் அண்டாவில் போட்டுக் கொன்றார்கள். விட்டுவிட்டு வந்த அந்த மேற்கு நிலத்தை லியூ பாங் பிடித்துக்கொண்டார். தானியமும் ஆளும் அங்கிருந்து வந்துகொண்டே இருந்தன. லியூ பாங் எத்தனை முறை தோற்றாலும் மறுபடி எழுந்ததற்கு அதுதான் காரணம். ஊர் திரும்ப வேண்டும் என்ற ஆசையே சியாங் யூவின் தோல்விக்குப் பெரிய காரணங்களில் ஒன்று என்பது என் கணிப்பு.

கி.மு. 202-ஐ ஒட்டிய குளிர்காலம். காய்சியா என்ற இடத்தில் சியாங் யூவின் பாளையத்தை லியூ பாங்கின் ஹான் படை பல அடுக்காக வளைத்துவிட்டது. ஆட்கள் குறைவு, உணவும் தீர்ந்தது. இரவில் நான்கு பக்கமிருந்தும் பாட்டுச் சத்தம் கேட்கிறது. எல்லாம் சூ நாட்டுப் பாட்டு. எதிரிப் படையில் தன் ஊர்ப் பாட்டு! "ஹான் படை சூ நாட்டை அதற்குள் பிடித்துவிட்டதா? இத்தனை சூ ஆட்கள் அங்கே எப்படி?" என்று திடுக்கிட்டு எழுகிறார். 'நாற்புறமும் சூ பாட்டு' என்பது இன்றைக்கும் சீனத்தில் வழங்கும் தொடர். ஒரு பக்கமும் துணையில்லாமல் மாட்டிக்கொண்டவரைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். அந்த இரவில் மது அருந்தி அவர் பாடியது:

மலையைப் பெயர்க்கும் வலிமை, உலகை மூடும் வீறு.
காலம் துணையில்லை, ஜுய் ஓடவில்லை.
ஜுய் ஓடாவிட்டால் நான் என்ன செய்வேன்?
யூ, யூ, உன்னை நான் என்ன செய்வேன்?

ஜுய் அவருடைய குதிரை. யூ அவரோடு இருந்த பெண் (அவர் பெயரிலும் 'யூ' வருகிறது, சீனத்தில் எழுத்து வேறு). உலகத்தில் தொடங்கிய பாட்டு ஒரு குதிரைக்குச் சுருங்கி, ஒரு பெண்ணின் பெயரில் போய் முட்டிக்கொள்கிறது. மூலத்தில் ஒவ்வொரு வரியின் நடுவிலும் 'சி' என்று ஓர் ஒலி வரும். அதற்குப் பொருள் கிடையாது, நம் இலக்கணத்தில் அசைச்சொல் என்கிறோமே அதுபோல. மூச்சை விட்டுக் குரலை இழுக்க ஓர் இடம். சூ நாட்டுப் பாட்டின் அடையாளமே அதுதான். பாடி முடித்ததும் அவர் கண்ணீர் வழிய நின்றார், சுற்றியிருந்தவர்கள் அழுதார்கள், யாராலும் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை என்கிறார் சிமா சியான்.

அந்த இரவிலேயே 800 குதிரை வீரர்களோடு வளையத்தை உடைத்துக்கொண்டு போனார். ஹுவாய் ஆற்றைக் கடந்தபோது மிஞ்சியது நூறு பேர். வழி தவறி ஓர் உழவரைக் கேட்டார்; அவர் "இடப்பக்கம்" என்று பொய் சொல்ல, சதுப்பில் சிக்கினார். கடைசியில் 28 பேர். வூஜியாங் ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரர் காத்திருந்தார். அந்தக் கரைக்குப் போனால் இன்னும் ஆட்சி இருக்கிறது என்றார். சியாங் யூ மறுத்துவிட்டார். "இந்த ஆற்றைக் கடந்து என்னோடு மேற்கே வந்த இளைஞர்கள் எட்டாயிரம் பேர். ஒருவன்கூடத் திரும்பவில்லை. அவர்களுடைய தகப்பன், அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?" ஊர் திரும்பத்தான் எல்லாவற்றையும் விட்டுவந்தவர், ஊர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் நின்றுவிட்டார். குதிரையை அந்தப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூடாரத்தில் இருந்த யார் உயிரோடு வந்து இந்தப் பாட்டைச் சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வி பழையது, நியாயமானது. சிமா சியான் எழுதியது ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. மக்கள் வாயில் இருந்த பாட்டை அவர் எடுத்து வைத்திருக்கலாம். யூ அங்கேயே தற்கொலை செய்துகொண்டாள் என்று நாடகங்களில் வருவதும் அவர் நூலில் இல்லை. அவளும் சேர்ந்து பாடினாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சரி, வென்று ஹான் பேரரசை நிறுவிய லியூ பாங் என்ன பாடினார்? இதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியமான இடம்.

லியூ பாங்குக்குப் படிப்பின் மேல் மதிப்பு இருந்ததில்லை. லூ ஜியா என்ற அறிஞர் பழைய நூல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, "குதிரை மேல் இருந்து பிடித்தேன் இந்த நாட்டை. எனக்கு எதற்கு நூல்?" என்று சீறினார். "குதிரை மேல் இருந்து பிடித்தீர்கள், குதிரை மேல் இருந்தே ஆள முடியுமா?" என்று திருப்பிக் கேட்டார் லூ ஜியா. பேரரசர் முகம் வாடினாலும், அது ஏன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். அந்தக் குணம் அவரிடம் இருந்தது.

கி.மு. 195-இல் சிங் பூ என்ற தளபதியின் கலகத்தை அடக்கித் திரும்பும் வழியில் சொந்த ஊரான பெய்யில் தங்கினார். ஊர்ப் பெரியவர்கள், பழைய சிநேகிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டு விருந்து வைத்தார். ஊர்ப் பிள்ளைகள் 120 பேரைத் திரட்டிப் பாடக் கற்றுக்கொடுத்தார். குடி ஏறியதும், மூங்கில் குச்சியால் தட்டி வாசிக்கும் ஜூ என்ற தந்திக் கருவியைத் தானே தட்டிப் பாடினார்:

பெருங்காற்று எழுந்தது, மேகங்கள் பறந்தன.
கடல்களுக்கு நடுவே எங்கும் என் அதிகாரம், ஊர் திரும்பினேன்.
நான்கு திசையும் காக்கும் வீரர்களை எங்கே பெறுவேன்!

மூன்றே வரி. அதே சூ மெட்டு, அதே 'சி'. லியூ பாங்கின் ஊரும் சூ நாட்டுப் பகுதிதானே. இரண்டாம் வரியில் 'ஊர் திரும்பினேன்' என்று வரும் தொடர், சியாங் யூ பட்டுடையையும் இருட்டையும் சேர்த்துச் சொன்னபோது பயன்படுத்திய அதே தொடர். அவர் ஆசைப்பட்டதை இவர் செய்துவிட்டார், பகல் வெளிச்சத்தில், ஊரே பார்க்க. பாட்டு அங்கே முடிந்திருந்தால் அது வெற்றிப் பாட்டு. முடியவில்லை. மூன்றாம் வரியில் பயம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருக்காக நாட்டைப் பிடித்துக் கொடுத்த மூன்று பெரிய தளபதிகள் ஹான் சின், பெங் யுவே, சிங் பூ. கி.மு. 196-இல் ஹான் சின்னை அரசி அரண்மனையில் வைத்துக் கொன்றார். அதே ஆண்டில் பெங் யுவே கொல்லப்பட்டார். அவர் சதையை உப்பிலிட்டுச் சிற்றரசர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்தப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துக் கலங்கித்தான் சிங் பூ படையைத் திரட்டினார். அவரை அடக்கித் திரும்பும் வழியில்தான் இந்தப் பாட்டு. வீரர்களை எங்கே பெறுவேன் என்று கேட்கிறவர், இருந்தவர்களை ஒழித்துவிட்டு வந்து நிற்கிறார்.

பாடிவிட்டு எழுந்து ஆடினார், கண்ணீர் வழிந்தது. "ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊரை நினைத்தால் துக்கம்தான். நான் செத்த பிறகும் என் உயிர் இந்தப் பெய்யைத்தான் நினைக்கும்" என்று சொல்லி ஊருக்கு வரியை நீக்கினார். அந்தப் போரில் அவர் மேல் அம்பு ஒன்று பட்டிருந்தது. அதே ஆண்டில் தலைநகரில் இறந்தார்.

அடுத்த பாட்டைப் பாடியவர் அரசர் இல்லை, அரசர் தள்ளிவிட்ட ஒருவர். பேரரசர் வூ கி.மு. 141 முதல் 87 வரை ஆண்டவர். வடக்கே புல்வெளி நாடோடிகளான சியோங்னுக்களோடு ஓயாமல் போர் நடத்தியவர். கி.மு. 99-இல் லீ லிங் என்ற தளபதி 5,000 காலாட்களோடு அவர்கள் நிலத்துக்குள் போனார். எதிரே 80,000 குதிரை வீரர்கள் வரை திரண்டார்கள். பின்வாங்கிக்கொண்டே சண்டை போட்டார்கள். அம்பெல்லாம் தீர்ந்ததும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களை வெட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள் வீரர்கள். எல்லைக்குள் திரும்பியவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர். லீ லிங் சரணடைந்தார்.

அரண்மனையில் எல்லோரும் அவரைத் தூற்ற, ஒருவர் மட்டும் அவருக்காகப் பேசினார். அவர்தான் நாம் இதுவரை கேட்டுவந்த சிமா சியான். பேரரசரை ஏமாற்றப் பார்த்தார் என்று அவருக்குத் தண்டனை. பணம் கட்டி மீள வழி இருந்தது, வீட்டில் பணமில்லை. சாவதற்குப் பதில் விதையடிக்கும் தண்டனையை ஏற்றுக்கொண்டார், எழுதிக்கொண்டிருந்த வரலாற்றை முடிக்க வேண்டும் என்பதற்காக. சியாங் யூவின் கண்ணீரும் லியூ பாங்கின் கண்ணீரும் நமக்குக் கிடைத்தது அந்த நூலிலிருந்துதான். தோற்றுப்போன சியாங் யூவுக்கு அரசர்களின் வரிசையில் தனி அத்தியாயம் கொடுத்தவரும் அவரே. போரில் தோற்ற ஒருவருக்காக வாய் திறந்து உடம்பை இழந்தவர் என்பதை அறிந்த பிறகு காய்சியாவைப் படித்தால், அந்தப் பக்கத்தில் அவர் கை நடுங்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றும்.

லீ லிங் எதிரிக்குப் படைப்பயிற்சி தருகிறார் என்று ஒரு தவறான செய்தி வந்தது. பேரரசர் அவருடைய தாய், மனைவி, மக்களைக் கொன்றுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, அங்கே 19 ஆண்டு சிறைப்பட்டிருந்த சூ வூ என்ற தூதர் கி.மு. 81-இல் நாடு திரும்பினார். நண்பரை வழியனுப்ப லீ லிங் மது வைத்து, எழுந்து ஆடிப் பாடினார்:

பத்தாயிரம் லீ கடந்தேன், மணல்வெளி தாண்டினேன்.
அரசரின் தளபதியாய்ச் சியோங்னுவோடு மோதினேன்.
வழி அடைபட்டது, அம்பும் வாளும் முறிந்தன.
வீரர்கள் அழிந்தார்கள், என் பெயரும் வீழ்ந்தது.
வயதான தாயும் செத்துவிட்டாள்.
நன்றிக்கடன் தீர்க்க நினைத்தாலும் எங்கே திரும்புவேன்!

('லீ' என்பது சீனத் தூர அளவு.) கடைசிச் சொல் 'குய்'. லீ லிங் அங்கேயே இருந்து அங்கேயே இறந்தார்.

இவர்கள் எல்லாம் பெயர் உள்ளவர்கள். பெயரில்லாத சிப்பாய்களின் பாட்டும் ஹான் காலத்திலிருந்து வந்திருக்கிறது. அரசின் இசை அலுவலகமான யுவேஃபூ பாட்டுகளைத் திரட்டியதால், அந்த வகைப் பாட்டுக்கே யுவேஃபூ என்று பெயர். அதில் ஒன்று 15 வயதில் படைக்குப் போய் 80 வயதில் ஊர் திரும்பும் கிழவரைப் பற்றியது. ஹான் சட்டப்படி 56 வயதில் ஓய்வு கொடுக்க வேண்டும். பாட்டுக்காரருக்குத் தெரிந்த நடப்பு வேறு போலிருக்கிறது. வழியில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து, "என் வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார். "அதோ அதுதான் உன் வீடு" என்று கை காட்டுகிறார் அவர். அங்கே மரங்களும், வரிசையாகப் புதைமேடுகளும். நாய் நுழையும் பொந்து வழியாக முயல் போய்வருகிறது. உத்தரத்திலிருந்து காட்டுக்கோழி பறக்கிறது. முற்றத்தில் தானாக முளைத்த தானியம், கிணற்றடியில் தானாக முளைத்த கீரை. கிழவர் அழவில்லை, கத்தவில்லை. தானியத்தைக் குத்திச் சோறாக்குகிறார், கீரையைப் பறித்துக் குழம்பு வைக்கிறார். இரண்டும் வெந்துவிட்டன. யாருக்குப் போடுவது என்று தெரியவில்லை. வாசலுக்கு வெளியே வந்து கிழக்கே பார்க்கிறார், அப்போதுதான் கண்ணீர். போரைப் பற்றிய பாட்டு, ஆனால் போர் ஒரு வரிகூட இல்லை. நான் படித்த போர்க் கவிதைகளில் இதற்கு மேல் ஒன்றை வைக்க எனக்கு மனம் வராது.

கடைசியாக சாவ் சாவ். 155-இல் பிறந்து 220-இல் இறந்தவர். ஹான் பேரரசு உடைந்து சிதறிய காலத்தில் வட சீனத்தைக் கையில் பிடித்தவர். சுன்சுவின் போர்நூலுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய உரை அவர் எழுதியது. இவரை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் கடினமான பகுதி.

பாடை தூக்கிப் போகிறவர்கள் பாடும் பழைய மெட்டு ஒன்றை எடுத்து அவர் எழுதினார். கொடுங்கோலன் ஒருவனை ஒழிக்க 190-இல் கூட்டுச் சேர்ந்த தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நாட்டையே பிணக்காடாக்கியதைச் சொல்லும் பாட்டு:

கவசங்களில் ஈரும் பேனும் பெருகின.
எண்ணற்ற குடிகள் மாண்டுபோயின.
வெள்ளெலும்பு வெளியில் கிடக்கிறது.
ஆயிரம் லீ தூரத்துக்குச் சேவல் கூவும் சத்தமில்லை.
நூற்றில் ஒருவர் மிஞ்சினார். நினைத்தால் குடல் அறுகிறது.

ஈரும் பேனும் என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் கவசத்தைக் கழற்றாதவருக்குத்தான் அந்த வார்த்தை வரும். ஆனால் 193-இல், தந்தை கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க சூஜோ பகுதிக்குள் படையோடு போனவரும் இதே சாவ் சாவ்தான். பிணங்கள் அடைத்து ஸி ஆறு ஓடாமல் நின்றது, கோழி, நாய்கூட மிஞ்சவில்லை என்று பழைய வரலாறு சொல்கிறது. 197-இல் நடந்த ஒரு செய்தி பாட்டுக்குள் வருவதால், அவர் அதை எழுதியது சூஜோவுக்குப் பிறகு. சேவல் கூவாத ஊர்களில் சில அவரே உண்டாக்கியவை. இதை வைத்துப் பாட்டைப் பொய் என்று தள்ள என்னால் முடியவில்லை. பாட்டு உண்மையாக இருப்பதால் அவரை மன்னிக்கவும் முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டு படிக்கிறேன்.

206-இல் குளிர்காலத்தில் தைஹாங் மலையைக் கடந்தபோது எழுதிய பாட்டில் விறகு பொறுக்கப் போகும் ஆட்களும், கஞ்சி வைக்கக் கோடரியால் பனிக்கட்டியை வெட்டுவதும் வருகின்றன. நடுவில் ஒரு வரி: ஒரேயடியாகக் கிழக்கே திரும்பிவிட மனம் துடிக்கிறது. மறுபடி 'குய்'. இன்னொரு பாட்டு காட்டு வாத்துகளில் தொடங்குகிறது. குளிர்காலத்தில் தெற்கே வந்து நெல் தின்றுவிட்டு, வசந்தத்தில் வடக்கே திரும்பிவிடுகின்றன அவை. காற்றில் உருளும் காய்ந்த செடியோ வேரைவிட்டுப் பிரிந்தால் மறுபடி சேர்வதே இல்லை. அப்புறம் படைவீரன் வருகிறான். நான்கு திசையும் அலைவதிலிருந்து அவன் எப்படி விடுபடுவான் என்று கேட்கிறது பாட்டு. லியூ பாங் காக்க ஆள் தேடிய அதே நான்கு திசைதான். குதிரையின் சேணம் இறங்குவதில்லை, கவசம் பக்கத்தைவிட்டு அகல்வதில்லை, முதுமை மெல்ல மெல்ல வருகிறது, ஊருக்கு எப்போது? நரிகூடச் சாகும்போது தான் பிறந்த மேட்டின் பக்கம் தலையை வைக்கும், ஊரை எப்படி மறப்பது என்று முடிகிறது.

அவரும் ஒருமுறை ஊருக்குப் போனார். 202-இல், பெரிய எதிரியான யுவான் ஷாவைத் தோற்கடித்த பிறகு, சொந்த ஊரான சியாவோவுக்குப் படையோடு வந்தார். அங்கே அவர் வெளியிட்ட ஆணை இன்றும் இருக்கிறது: "என் ஊர் மக்கள் அநேகமாக எல்லோரும் செத்துவிட்டார்கள். நாள் முழுக்க நடந்தும் எனக்குத் தெரிந்த ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது." 120 பிள்ளைகளைப் பாடவைக்க லியூ பாங்குக்கு ஓர் ஊர் மிஞ்சியிருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. செத்த வீரர்களின் வழிவந்தவர்களுக்கு நிலமும் உழவு மாடும் கொடுத்து, படிப்பிக்க ஆசிரியரை வைக்க வேண்டும் என்று அதே ஆணையில் எழுதினார்.

220-இல் லுவோயாங்கில் இறந்தார். சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லை. அவருடைய ஆட்சியின் மையமான யே நகருக்கு மேற்கே புதைத்தார்கள். நாடு இன்னும் அமைதியாகவில்லை, பழைய முறைப்படி துக்கம் காக்க வேண்டாம் என்று கடைசி ஆணையில் சொல்லியிருந்தார். புதைத்து முடிந்ததும் எல்லோரும் துக்க உடையைக் கழற்றிவிட வேண்டும், பொன்னும் மணியும் கூட வைக்கக் கூடாது என்றார். காவல் நிலைகளில் இருக்கும் வீரர்கள் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதும் அந்த ஆணையில் இருந்தது.